இருபத்திரண்டாம் அத்தியாயம்

கோதண்டம் எழுதுகிறார், நான் தட்டச்சு செய்கிறேன்.
பக்கத்துக்கு ஐந்நூறு கியாட்.
மோல்மீனில் ஆனி மாதம்.
தகரக் கூரையின் மேல் மழை
வேறொரு நாவலை அடித்துக்கொண்டிருக்கிறது,
இடைவெளியே விடாமல்.

அவருடைய அடிகளார்
ஆற்றுத் தீவில் மடம் கட்டியவர்.
மூன்றாம் அத்தியாயத்தில் ஓலைக் குடில்.
ஒன்பதில் தோணித்துறை அவர் கையில்.
பதினான்கு முடிவதற்குள்
பள்ளிக்கூடம், பஞ்சாயத்து,
பிணம் எரிக்கிற விறகு வரைக்கும்.

"கெட்டவன்தானே இவன்?"
நாற்காலிக்குப் பின்னால் நின்று கேட்கிறார்
வெற்றிலை மணக்க.
கோதண்டத்துக்கு அவன்,
எனக்கு அவர் என்றே வருகிறது;
விரல் பழகிவிட்டது.

பதினாறில் வெள்ளம் வந்தபோது
களஞ்சியத்தைத் திறந்தாரே, என்றேன்.
எண்ணூறு பேர் சாப்பிட்டார்களே.
"சாக்கில் தன் படத்தை அச்சடித்த பிறகு!"
படம் போட்ட சாக்கின் அரிசி
வேக மறுத்ததா?
அவர் பதில் சொல்லவில்லை.
எனக்கும் என் கேள்வி பிடிக்கவில்லை.
பதினேழில்
தோணிக்காரனை நள்ளிரவில் அனுப்பியதும் அதே கை.
காலையில் கரைக்கு வந்தது
துடுப்பு மட்டும்.

ஞாயிறுகளில் ரயிலடி டீக்கடையில்
கோதண்டம் வாசித்துக் காட்டுவார்.
குட்டை முக்காலிகளில் சபை கூடும்.
"பொய்யன் இல்லையே அவர், நம்பித்தானே செய்தார்"
என்றார் லெப்பை.
"நம்பி அடித்தால் அடி வலிக்காதோ?"
கோப்பை கழுவுகிற இடத்திலிருந்து
டோமினிக்.
தேநீர் ஆறியது. தீர்ப்பு வரவில்லை.

அன்றிரவு மின்சாரம் போனது.
மடிக்கணினியில் கொஞ்சம் உயிர் மிச்சம்.
தேடுவதற்கு ஒரு பொத்தான் உண்டு அதில்,
அதற்கு பக்தி கிடையாது.
கணக்குப் பார்த்தேன்.
அடிகளார் பேசுவது இரண்டாயிரத்து நாற்பது வரி.
தோணிக்காரன் பெண்டாட்டி வருவது மூன்றே இடம்.
மூன்றிலும் "அழுதாள்".
பெயர் இல்லை.
ஊருக்கும் வாய் இல்லை;
தலையாட்டுகிறது, கும்பிடுகிறது,
அடுத்த பத்தியில் காணாமல் போகிறது.

மறுநாள் சொன்னேன்:
ஐயா, அதிகாரப் பசி என்று எழுதியிருக்கிறீர்கள்.
நான் பார்த்தது பந்தியை.
ஊருக்கே விழ வேண்டிய இலைகளை
ஒருத்தர் முன்னால் மட்டும் போட்டது யார்?

இதனால் அவர் நல்லவர் என்றாகிவிடாது.
பக்கத்து வயிறு காய்வது தெரிந்தே
அத்தனை இலையிலும் கை வைத்தவர்.
ஆனால் பரிமாறியவர் கையிலும்
குழம்பு ஒட்டியிருக்கிறது இல்லையா?

கோதண்டம் குடையைக்கூட எடுக்காமல் போனார்.
பதினொரு பக்கத்துக்குக் காசு பாக்கி.

நாலாம் நாள் வந்தார்,
நோட்டுப் புத்தகத்தைச் சட்டைக்குள் ஒளித்து, நனைந்தபடி.
இருபத்திரண்டாம் அத்தியாயம்.
அவளுக்கு இப்போது பொம்மக்கா என்று பெயர்.
பூசை நேரத்தில் படியேறி வருகிறாள்,
தோளில் அந்தத் துடுப்பு.
அழவில்லை.
"சாமி, அந்த ராத்திரி
காற்று எந்தப் பக்கம் அடித்தது?"
அவ்வளவுதான் கேட்கிறாள்.

இரண்டாயிரத்து நாற்பது வரி பேசியவர்
வாயைத் திறக்கிறார்.

பக்கத்தைப் புரட்டினேன்.
வெள்ளை.
"அவன் என்ன சொல்வான் என்று
எனக்கு வரவில்லை" என்றார் கோதண்டம்.
முதல் தடவையாக அவர் குரலில்
கெட்டவனும் இல்லை, நல்லவனும் இல்லை;
காத்திருக்கிற ஒருத்தர் இருந்தார்.

எவ்வளவு இடம் விட, என்று கேட்டேன்.
"ஒரு முழுப் பக்கம்."

விட்டேன்.
அதற்கும் ஐந்நூறு கியாட்
வாங்கிக்கொண்டேன்.